சுகமாகிவிட்டது என்று நான் அவசரப்பட்டுச் சொன்ன முழங்கால்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இரண்டு வருடத்துக்கு முன் இதே சபையில் நின்று, என் முழங்கால் தேய்மானம் சுகமாகிவிட்டது என்று சாட்சி சொன்னேன். அன்று வலி குறைந்திருந்தது உண்மை. எல்லாரும் கை தட்டினீர்கள். கைத்தடியை அன்றோடு விட்டேன். மூன்றே வாரத்தில் வலி திரும்பியது.

அதை எப்படி வந்து சொல்வது? தடியோடு வந்தால் கர்த்தருக்கு அவமானம் என்று நினைத்தேன். உண்மையில் அவமானம் எனக்குத்தான். ஜங்புராவில் ஒரு வீட்டில் பார்த்துவந்த சமையல் வேலையை விட்டேன், மாத்திரையை விட்டேன், ஆராதனைக்கும் வரவில்லை. வெயில்கூடப் படாமல் ரஜாயைப் போர்த்திக்கொண்டு கட்டிலிலேயே கிடந்தேன். அறுபத்து நாலு வயதில் இப்படி ஒரு வீம்பு!

போன குளிரில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் டாக்டர் எலும்பின் அடர்த்தி பார்க்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கனத்த உடம்பு, எலும்பு கல் மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்கேனில் முதுகெலும்பு நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தது. தேய்மானத்தில் அங்கே எலும்பு முளைத்திருப்பதால் அந்த அளவை நம்ப முடியாது என்றார் டாக்டர். இடுப்பெலும்பு மெலிந்துவிட்டதாம். நடக்காமல் கிடந்ததும் ஒரு காரணமாம். இன்னொரு முறை விழுந்தால் படுத்த படுக்கைதான்.

ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே அழுதேன். சுகம் கேட்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, உண்மையைச் சொல்ல ஒரு ஆளையாவது அனுப்பும்" என்று மட்டும் ஜெபித்தேன்.

மறுநாள் நம் சபைச் செல்வி, சுவரைப் பிடித்துப் பிடித்து என் வீட்டுப் படியேறி வந்தாள்.

"உங்களுக்குச் சுகமாயிடுச்சு, எனக்கு முழங்கால் வலி போகலியேக்கா. என் விசுவாசம் பத்தலையோன்னு யார்கிட்டயும் சொல்லல. மாத்திரையையும் நிறுத்திட்டேன்."

அவளைக் கட்டிலில் உட்கார வைத்தேன். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"அச்சா! அப்ப நான் எதுக்குக்கா இத்தனை நாள் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்?" என்று கத்திவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் அவளே வந்தாள். "கிளம்புக்கா, ஜல்தி. ஆஸ்பத்திரில லைன் பெருசாயிடும்."

இப்போது இருவரும் ஊசி, மாத்திரை, காலை வெயிலில் தடியூன்றி நடை என்று இருக்கிறோம். கடைசி ஸ்கேனில் என் இடுப்பெலும்பு மேலும் மெலியவில்லை. வலி போகவில்லை. ஆனாலும் இன்று நடந்து வந்தேன். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

என் பழைய சாட்சியைக் கேட்டு வலியை மறைத்தவர்கள் இன்னும் இங்கே இருந்தால், என்னை மன்னியுங்கள். கர்த்தரை நம்புங்கள். வலித்தால் வலிக்கிறது என்றே அவரிடம் சொல்லுங்கள், அவர் கோபிக்க மாட்டார். ஆராதனை முடிந்ததும் நானும் செல்வியும் வாசலில் இருப்போம். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நீங்களும் வாருங்கள்.