அக்காவின் ஊசித் தலையணை

தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? அக்கா போய்ப் பதினாறு நாள். இந்த வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் பாக்கியில்லை. கண்ணைத் துடைத்த கையோடு, "அந்தத் தலகாணிக்குள்ள இன்னாதான் கீது?" என்கிறீர்கள். துக்கம் கேட்க வந்தீர்களா, தலையணை கேட்க வந்தீர்களா? சரி, சொல்கிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல, ஓலை எழுதுகிறவர் என் பேச்சைத் திருத்தி எழுதுகிறார். பிழை இருந்தால் அவரைக் கேளுங்கள்.

என் அக்கா இந்தப் பழவேற்காட்டுக் குப்பத்தில், வலை பின்னுகிறவர் வீட்டில் பிறந்தவர். நடக்கும் முன்பே முடிச்சுப் போட்டார் என்பார் எங்கள் நைனா. நைனா சொன்னதில் பாதியை நம்பலாம். அக்காவின் வீட்டுக்காரரை முகத்துவாரத்து அலை கொண்டுபோனது. பிள்ளையும் இல்லை. ஒல்லாந்துக்காரர் கோட்டைக்குள் ஒரு துரைசாணி வீட்டைப் பெருக்கப் போனார். பெருக்கிய இடத்தையே மறுபடி மறுபடி பெருக்கினாராம். காரணம், துரைசாணி அங்கே உட்கார்ந்து ரேந்தை பின்னுவாள். சட்டைக் கழுத்தில் வைக்கிற, நுரைபோல ஓட்டை ஓட்டையான பூப்பின்னல் அது. உருண்டைத் தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டால் பூ வரும். அக்கா பார்த்தே கற்றுக்கொண்டார். கப்பலேறும்போது துரைசாணி தலையணையை அவரிடமே கொடுத்துவிட்டாள். பிறகு கோட்டைக்குப் பின்னிக் கொடுத்துத்தான் அக்கா கஞ்சி குடித்தார்.

ஒரு வருஷம் ஏரியில் இறால் படவில்லை. எதிர்வீட்டு முனியம்மா அக்காவின் குடிசைக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"தலகாணி முச்சூடும் ஊசி குத்தி வெச்சிகினு, வாய்க்குள்ளயே எண்ணுறா. இறாலு எப்டி வரும்?"

சூனியம் என்று ஊர் கூடியது. தலையணையை ஏரியில் போடு, இல்லையென்றால் குப்பத்தை விட்டுப் போ என்றார்கள். அக்கா அழவில்லை.

"முனியம்மா மூணு நாள் எங்கிட்ட குந்தி கத்துக்கட்டும். சூனியமா இல்லியான்னு அவளே சொல்லட்டும். அவ சொல்றபடி செய்றேன்."

முனியம்மா இடுப்பில் வேப்பிலை செருகிக்கொண்டு வந்தாள். நான் வேடிக்கை பார்க்கப் போனேன். அக்கா நாலு குச்சிகளை அவள் கையில் கொடுத்தார்.

"நடுவுல கீற ரெண்டையும் குறுக்க மாத்து. அப்புறம் ஜோடி ஜோடியா ஒரு முறுக்கு. அவ்ளோதான்."

அவ்வளவுதான் வரவில்லை. முனியம்மாவின் கை தானாக முடிச்சுப் போட்டது. அவிழ்த்தால் மறுபடியும் முடிச்சு. வலைக்காரி கை அல்லவா!

"முடிச்சு போடாத எப்டிக்கா நிக்கும்?"

"ஒண்ண ஒண்ணு தாங்கிக்கும்."

"ஊசிய உருவிட்டா?"

"உருவும்போது பாரு."

அந்த முதல் நாள் சிக்கலை அக்கா வெட்டி எடுத்தார். எறியவில்லை, மடியில் செருகிக்கொண்டார். மூன்றாம் நாள் ஒரு விரல் நீளம் பின்னல் தேறியது. வாசலில் ஊரே நின்றது. முனியம்மா ஊசிக்கு ஒரு சாமி பெயர் சொல்லி ஒவ்வொன்றாக உருவினாள். கடைசி ஊசிக்குச் சாமி தீர்ந்துபோய் மாமியார் பெயரைச் சொன்னாள். எதுவும் பறந்து வரவில்லை. பின்னலும் பிரியவில்லை. இழுத்துப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள்.

"இன்னாம்மே, சூனியமா?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"கம்முனு இரு மாமா. அக்கா, நாளைக்கு எப்போ வரட்டும்?"

அதன்பின் குப்பத்தில் பாதிப் பெண்கள் அக்காவிடம் குந்தினார்கள். எல்லோரும் முதல் நாள் முடிச்சுதான் போட்டார்கள். ஒருத்தியையும் அவர் திட்டியதில்லை. அடுத்த வருஷம் இறால் வந்தது. அதுவும் அக்காவால்தான் என்றார்கள். அவர் மறுக்கவில்லை.

கடைசியில் படுத்த படுக்கையிலும் அவர் விரல்கள் சேலை நுனியைக் குறுக்கும் முறுக்குமாக மாற்றிக்கொண்டிருந்தன. அவருக்குக் கஞ்சி ஊட்டிய முனியம்மாவுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிப் போனவர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் கும்பிடு.

அக்காவைக் கொண்டுபோன அன்றைக்கே தலையணையைப் பிரித்தேன். வைக்கோல் கொஞ்சம்தான். மீதியெல்லாம் முதல் நாள் சிக்கல்கள். கற்க வந்த ஒருத்தியுடையதும் விடுபட்டிருக்காது. அப்படியே வைத்துத் தைத்துவிட்டு வெளியே வந்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் இதே கேள்வியோடு வாசலை மறித்து நின்றார்கள்.

"அன்னிக்கு நீங்க சொன்னதுதாண்டி, சூனியம்," என்றேன். "உங்கள்ல ஒருத்தியயும் விடாத உள்ள முடிச்சு போட்டு வெச்சிகீறா. முனியம்மாதான் அடியில கீறா."