தடுப்புக் கூட்டத்துச் சாப்பாடு

நாள்தோறும் நடந்ததைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மழை பெய்த நேரம், பேருந்து வராத நாள், யார் வீட்டு மாடு கன்று போட்டது என எல்லாம் இருக்கும். அதனால்தான் கந்தர்வக்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் நடந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தடுப்புக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். பக்கத்து ஊர்ப் பண்ணையில் முதல் பன்றி எப்போது செத்தது என்பது என் டைரியில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று வாசித்தேன். கால்நடைத் துறை அதிகாரி தலையாட்டிவிட்டு வியாழன் என்று எழுதினார். தகவல் வந்த நாள்தான் கணக்காம். இடையில் அந்தப் பண்ணைக்காரர் மிச்சப் பன்றிகளை அவசரமாக அறுத்து விற்றது எந்தத் தாளிலும் ஏறவில்லை.

என் முந்திரித் தோப்பை ஒட்டிப் பன்றி வளர்க்கும் பெண்ணும் வந்திருந்தார். அவரிடம் பன்னிரண்டு பன்றிகள், ஒன்று சினை. நோய் உறுதியான பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவற்றையெல்லாம் கொன்று புதைத்துவிடுவார்கள். அவருடைய கொட்டில் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தது. நோய் அண்டாமல் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டும் பிழைக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வந்தார். அந்த மண்டபத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் பந்திக்குப் பிறகு இலை எடுத்துக் கூட்டிக் கழுவுவதும் அவர்தான். கூலிக்குப் பதில் மிச்சச் சோறு பன்றிகளுக்குப் போகும்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவர் திரையில் படம் போட்டு நன்றாகவே விளக்கினார். மருந்து கிடையாது. நோய் கண்ட பன்றியின் இறைச்சித் துணுக்கிலும் கிருமி நெடுநாள் இருக்கும். ஆகவே ஓட்டல், மண்டபத்து மிச்சத்தைப் பன்றிக்குப் போடவே கூடாது. எல்லாத் துறையினரும் கைதட்டித் தீர்மானம் போட்டார்கள்.

அந்தப் பெண் எழுந்தார். “எச்சிச் சோறு போடாதேங்கிறீங்க, சரி. பின்ன என்னத்தப் போட?”

“தீவனம் வாங்கிப் போடுங்கம்மா,” என்றார் அதிகாரி.

“அதுக்கு வசதி இருந்தா நா ஏன் சார் எலை எடுக்க வாரேன்?”

எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாடு தயாராகிவிட்டதாக யாரோ சொல்ல, கூட்டம் கலைந்தது.

கொள்ளைநோய்களின் வரலாற்றை நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு கூட்டம் வரும். அங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் யாரும் எழுதியதில்லை. இங்கே மட்டன் பிரியாணி. சமைத்தவர் சாலையோரம் வறுவல் கடை நடத்துபவர். அந்த வாரம் அவர் கடையில் பன்றி வறுவல் மலிவு; கறி எங்கிருந்து வந்தது என்பது ஊருக்கே தெரியும். கடை மிச்சம் பாதி கிடந்த டிரம்மையே பந்தி மிச்சம் கொட்ட மண்டபத்துக் கொல்லையில் கொண்டுவந்து வைத்திருந்தார். கை கழுவப் போனபோது பார்த்தேன். புளித்த சோற்று நீரில் தோலோடு கொழுப்புத் துண்டுகள் மிதந்தன. அதன் மேல் அதிகாரிகளின் பிரியாணி மிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

அதிகாரியிடம் சொன்னேன். பல் குத்தியபடியே பதில் சொன்னார்: “இன்னைக்கி ஒருநா போகட்டும் சார். இல்லேன்னா இம்புட்டு எலையையும் யாரு எடுக்குறது?”

அந்தப் பெண் டிரம்மின் விளிம்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். “அண்ணே, இதுல ஒண்ணும் இருக்காதுல்ல?”

“ஆபீசரே சொல்லிட்டாரும்மா,” என்றேன்.

ஒன்பதாம் நாள் சினைப் பன்றி தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காது ஊதா நிறமாயிற்று. பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. பரிசோதனை முடிவு வந்தபோது ஐந்து மிச்சம். வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து அவற்றையும் கொன்று, குழியில் தள்ளிச் சுண்ணாம்பு கொட்டினார்கள். அந்த நாற்றம் என் தோப்பைவிட்டுப் போகப் பல நாளாயிற்று.

குழியருகே அதே அதிகாரி படிவத்தோடு நின்றார். நோய் வந்த வழி என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது.

“நீங்கதான் எல்லாம் எழுதுவீங்களே, பாருங்க சார்,” என்றார்.

புரட்டினேன். கூட்டம் தொடங்கிய நேரம், பேசியவர்களின் வரிசை, மட்டன் பிரியாணி, தயிர்ப் பச்சடி. டிரம்மைப் பற்றி ஒரு வரி இல்லை. வீடு திரும்பிய அன்று மாலை அதை எழுதாமல் விட்டது மறதியால் அல்ல.

அந்தப் பெண் என் கையிலிருந்த டைரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூடினேன். அதிகாரி அந்தக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். போட்டேன், தேதியுடன்.