நான் இளவரசனாகச் செத்த ஞாயிற்றுக்கிழமை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கொட்டாஞ்சேனையில் கொட்டகை நிறைந்த சனத்துக்கு முன்னால் நான் பாம்பு கடித்துச் செத்துப்போனேன். அதற்கு முழுக் காரணம் என் சித்தப்பா.

சித்தப்பாவுக்குத் துறைமுகப் பண்டகசாலையில் வேலை. மனம் மட்டும் நாடகக் கொட்டகையில். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய அந்த வருஷங்களில் மதுரைப் பக்கத்து நாடகக் கம்பனிகள் தலைமன்னாருக்குக் கப்பலில் வந்து, ரயிலேறிக் கொழும்புக்கு வரும். அப்படி வந்த ஒரு கம்பனிக்குக் கொட்டகை பிடிப்பது முதல் சாப்பாட்டுக்கு வழி பார்ப்பது வரை எல்லாவற்றையும் அவரே தலையில் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணனான என் அப்பாவோ கந்தோரில் உத்தியோகம், கொச்சிக்கடைக் கோயிலில் பூசை, வீட்டில் செபமாலை என்று இருப்பவர். நாடகக்காரர் யாரும் எங்கள் வாசலை மிதிக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அம்மா அந்தச் சட்டத்துக்குத் தலையாட்டிவிட்டு, பின்கதவால் கம்பனி உடுப்புகளை வாங்கித் தைத்துக் கொடுப்பார்.

அந்த முறை நடிகர்களும் சாமான் பெட்டிகளும்தான் முதலில் வந்து சேர்ந்தார்கள். திரை இழுப்பவர்கள், விளக்குப் பிடிப்பவர்கள், சமையல்காரன், இளவரசன் வேஷம் போடும் சிறுவன் எல்லோரும் அடுத்த கப்பலுக்குப் புறப்பட்டவர்கள். கடலுக்கு அந்தப் பக்கம், தொற்றுநோய் வராமல் இருக்கக் கப்பலேறுபவர்களைச் சோதிக்கும் இலங்கை அரசாங்கத்தின் தடுப்பு முகாம் ஒன்று இருந்தது. அங்கே அவர்களில் ஒருவருக்கு அம்மை கண்டதால் எல்லோரையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். டிக்கட்டெல்லாம் விற்றாகிவிட்டது. "ஆள்தானே வேணும்? நான் தாறன்" என்று சித்தப்பா கம்பனி முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

அவர் தந்த ஆட்கள் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அவருடைய கூட்டாளிகள். கயிறு இழுக்க அவர்களைப் போல ஆள் இல்லை. எந்தப் பாட்டுக்கு எந்தக் கயிறு என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. முதல் காட்சியில் ராஜா சிம்மாசனத்தில் இருந்து பாடிக்கொண்டிருக்க, பின்னால் அரண்மனைப் படுதா மேலே போய்க் காட்டுப் படுதா இறங்கியது. ராஜா திரும்பிப் பார்த்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். காட்டை மேலே ஏற்றும்போது கூட்டாளிகள் பழக்கதோஷத்தில் "ஏலேலோ" போட்டு இழுத்தார்கள். சனம் கைதட்டி, இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டது. விளக்குக்கு வந்தவன், எல்லோரும் 'மல்லி', அதாவது தம்பி, என்று கூப்பிட்ட சிங்களப் பொடியன். அவனுக்குத் தமிழ் விளங்காது. ஆர்மோனியம் நின்றால் விளக்கை அணைக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆர்மோனியக்காரர் தும்முவதற்காக நிறுத்தியபோதும் அணைத்துவிட்டான்.

உடுப்புகளைக் கொண்டு அம்மாவோடு வந்த எனக்கும் வேலை கிடைத்தது. தகரத்தை அடித்து இடி முழக்க வேண்டும். மழையே இல்லாத காட்சிகளிலும் நான் தாராளமாக முழக்கினேன்.

ராணியாக நடித்தவர் ஆண்தான். அந்த நாட்களில் ஸ்திரீபார்ட் என்று பெண் வேஷத்துக்கென்றே நடிகர்கள் இருந்தார்கள். ராஜ்யத்தை இழந்து காட்டுக்குப் போன ராணி, பாம்பு கடித்த பிள்ளையை மடியில் கிடத்திப் புலம்புவதுதான் நாடகத்தின் உச்சம். பிள்ளைதான் தடுப்பு முகாமில் இருக்கிறானே! முதலாளியின் கண் என்மேல் விழுந்தது. அம்மா மறுக்க வாய் திறப்பதற்குள் சித்தப்பா என் பின்னலைத் தலைப்பாகைக்குள் திணித்துவிட்டார்.

ராணி என் முன்னால் முழங்காலில் இருந்து, மீசை மழித்த முகத்தில் மாவு மணக்க, "பாப்பா, பாம்பு கடிச்சதும் விழுந்திடணும். அப்புறம் கண்ணைத் தொறக்கவே கூடாது, என்ன?" என்றார்.

"மூச்சு விடலாமோ?"

"மெதுவா விட்டுக்க" என்று சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். யாரோ வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். கோயிலுக்குப் போட்ட கோட்டோடு பின்வாசலால் நுழைந்து என்னைத் தேடியவரின் கையில், வியர்த்து விறுவிறுத்து நின்ற சித்தப்பா ஒரு கயிற்றைக் கொடுத்தார். "அண்ணை, இதை ஒருக்காப் பிடியுங்கோ. விட்டால் படுதா ராஜாவின்ரை தலையிலை விழும்."

அப்பா பிடித்தார். பிறகு விட முடியவில்லை; ஒன்று முடிந்தால் சித்தப்பா அடுத்த கயிற்றைக் கொடுத்தார், கடைசியில் முன்திரைக் கயிற்றையும். என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். நான் தகரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன்.

இடைவேளையில் சமையல்காரன் வந்து சேர்ந்தான். முகாமில் இருந்து முதலில் விடப்பட்டவன் அவன். ராணியை ஒரு பக்கம் கூப்பிட்டு ஏதோ சொன்னான். ராணி பெட்டியொன்றின் மேல் அப்படியே அமர்ந்துவிட்டார். அவன் சொன்னதை நான் கேட்கவில்லை. பின்னாளில் அம்மா சொன்னதை இங்கே சொல்லிவிடுகிறேன். அம்மை கண்டது இளவரசன் வேஷம் போடும் சிறுவனுக்கு. அவனைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பெரியம்மையாக இருக்கலாம் என்று முகாமில் பேச்சு. அந்தச் சிறுவன் ராணியாக நடித்தவரின் ஒரே மகன்.

முதலாளி கெட்டவரல்ல. "நிறுத்திடலாம்" என்றாராம். "நிறுத்தி இங்க உக்காந்து என்ன பண்ணப் போறேன்?" என்று சொல்லிவிட்டு ராணி எழுந்து முகத்துக்கு மாவு பூசிக்கொண்டார்.

நான் விழுந்தேன். நன்றாகவே விழுந்தேன். ராணி ஓடிவந்து என்னை மடியில் கிடத்திப் பாடத் தொடங்கினார். முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடியில் குரல் நின்றுவிட்டது. என் கன்னத்தில் சுடச்சுட ஏதோ சொட்டியது. காதுக்குள் வழிந்து கூசியது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! பிறகு பாட்டும் இல்லை, வசனமும் இல்லை. "சுப்பையா... ஏய் சுப்பையா... அப்பா இங்க இருக்கேன்டா" என்று அந்த மனிதர் தன் ஆண் குரலிலேயே கதறினார். ஆர்மோனியம் நின்றது. சிங்கள மல்லி இந்த முறை விளக்கை அணைக்கவில்லை. கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் விம்மும் சத்தம் கேட்டது.

முன்திரையை இறக்கியது அப்பா. மெதுவாக, சத்தமில்லாமல் இறக்கினார். திரை தரையைத் தொட்ட பிறகும் ராணி என்னை விடவில்லை.

"திரை விழுந்திட்டுது, என்னை விடுங்கோ" என்றேன்.

அப்பா வந்து பக்கத்தில் முழங்காலில் இருந்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடினேன். அவரோ ராணியின் தோளில் கை வைத்தார். "எழும்புங்கோ. எங்கடை கந்தோரிலை துறைமுக டாக்டரைத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். நாளைக்கு விடியவே கேட்டுச் சொல்லுறன். இப்ப வீட்டுக்கு வாங்கோ" என்றார்.

அன்று அந்த மனிதர் முன்வாசலால்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தார். அம்மா அவருக்குச் சோறு போட்டார். நான் சித்தப்பாவிடம் ரகசியமாக முறையிட்டேன்: "இளவரசனின்ரை பேரையே அவர் மறந்திட்டார். நான் ஒரு பிழையும் விடேல்லை." சித்தப்பா என் தலையைத் தடவிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் அப்பா கந்தோரில் இருந்து நடந்து வரவில்லை, ரிக்‌ஷாவில் வந்தார். படியேறும்போதே, "சின்னம்மைதானாம்!" என்று கூவினார். வாசலில் காத்திருந்த அந்த மனிதர் எழுந்து, அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து, தழும்பு மறையாத முகத்தோடு சுப்பையா வந்து சேர்ந்தான். அதே நாடகம் மறுபடி நடந்தது. அப்பா முன்வரிசையில் இருந்தார். நான் அம்மாவின் பக்கத்தில் இருந்து, என்னுடைய இடத்தில் அவன் செத்துக் கிடப்பதைப் பொறாமையோடு பார்த்தேன். ராணி ஓர் அடி பிசகாமல் பாடினார். குரல் உடையவில்லை. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. புலம்பிக்கொண்டே மகனின் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரோ என்றுகூடத் தோன்றியது.

"இவனுக்குச் சாகத் தெரியாது, அம்மா" என்றேன். "நான் செத்த நாள்தான் அவர் உண்மையா அழுதவர்."

அம்மா என்னை இழுத்து அணைத்து, "ஓம் பிள்ளை" என்றார். நான் நல்ல நடிகை என்பதை அம்மாவும் ஒத்துக்கொண்டார் என்று நினைத்து, கனகாலம் அந்தப் பெருமையோடு திரிந்தேன்.