குதிக்கச் சொல்லும் தாட்சாயணி

“குதி நைனா. இன்னொரு தபா. சாமி கும்பிட வந்தவன் மாதிரி நிக்காத, குதி!”

திருப்பதியில் ஒரு ஸ்கேன் சென்டர். எம்.ஆர்.ஐ. அறைக்கு முன்னால் நிற்கும் தாட்சாயணி யாரையும் சும்மா உள்ளே விடுவதில்லை. “உடம்புல இரும்பு இருக்கா?” என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். குதித்தால் சட்டைப் பையிலிருக்கும் சாவி உண்மையைச் சொல்லிவிடுகிறது. தெலுங்குக்காரர்களுக்கு ‘எகுரு’. முட்டிவலிக்காரர்கள் உட்கார்ந்தபடியே தோளைக் குலுக்க வேண்டும். காத்திருப்பவர்கள் சிரித்துக் குலுங்குவது தனி.

அவளுக்குப் பிடித்தவர்கள், மலையில் மொட்டை போட்டுக்கொண்டு நேராக வருபவர்கள். “ஹேர்பின் தேடற வேலை மிச்சம்!” என்று மண்டையைத் தட்டிக் கொடுப்பாள். பிடிக்காதவை, தாலிச் சரட்டில் தொங்கும் ஊக்குகள். நகரியிலிருந்து வந்த ஒரு அம்மாளிடம் ஒன்பது எடுத்தாள். “இன்னாம்மா, கடை வச்சிக்கினு கீறியா?” தாட்சாயணியின் ரவிக்கைக்கே ஹூக் கிடையாது, நாடாதான். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் உள்ளே இருக்கும் காந்தம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

என் முட்டி ஸ்கேனுக்காக நான் காத்திருந்த அன்று ஏகாம்பரம் வந்தார். பாகாலாவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர், இடுப்பு வலி. கூடவே மனைவி கோதை. குதித்தார், சத்தமே இல்லை. படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’. டெக்னீஷியன் சிரஞ்சீவி கதவைத் திறக்கப் போனார். தாட்சாயணி குறுக்கே நின்றாள்.

“கண்ணுல எப்பனா இரும்புத் தூளு உழுந்துதா?”

“உழும். புத்தலப்பட்டுல ஒரு அம்மா நாக்கால தடவி எடுத்துடுவாங்க.”

“எத்தினி உழுந்துது?”

“யாரு எண்ணிக்கினு இருந்தாங்க?”

“எத்தினி எடுத்தாங்க?”

“அதையும் எண்ணல.”

“அப்ப எல்லாம் வந்துட்ச்சின்னு யாரு சொன்னாங்க?”

கோதைக்குக் கோபம் வந்துவிட்டது. “காலைலேர்ந்து துன்னாம கீறாரு. இடுப்புக்கு ஸ்கேனு, நீ ஏம்மா கண்ணை நோண்டற?”

“காந்தம் இஸ்துச்சுன்னா அந்தத் தூளு கண்ணைக் கிழிச்சிக்கினு ஓடும். இடுப்பு நேராயிடும், பாக்கத்தான் கண்ணு இருக்காது.”

சிரஞ்சீவி டாக்டரிடம் கேட்டுவிட்டு, முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். அரை மணியில் படம் வந்தது. வலக் கண்ணில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. ஸ்கேன் கிடையாது, உடனே கண் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

கோதை கணவரின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். காந்தம் இருக்கும் அறையின் கதவு பத்தடி தள்ளி மூடித்தான் இருந்தது. ஏகாம்பரம் இரண்டு கைகளாலும் வலக் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

“அண்ணா, அது இப்ப எங்கியும் ஓடாது. கையை எடு” என்றாள் தாட்சாயணி.

அவர் எடுக்கவில்லை. கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் காலாலேயே துழாவினார், அகப்படவில்லை.

“அடுத்து யாரு?” என்று வரிசையைப் பார்த்துக் கத்திக்கொண்டே தாட்சாயணி குனிந்து, அவர் கால்களில் செருப்பை மாட்டிவிட்டாள்.