நாலாவது எழுத்து

எங்கள் வீட்டில் இரண்டு வெள்ளி மெழுகுதிரித் தண்டுகள் இருந்தன. மிஷன் விடுதியில் படித்த என் அம்மாவின் அம்மம்மாவுக்கு, அவருடைய கலியாணத்தன்று ஒரு வெள்ளைக்கார ஆசிரியை கொடுத்தவை. பிறகு தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போயின. மணமாகும்போது ஒவ்வொருத்தியும் தன் பெயரின் முதலெழுத்தை அடியில் வெட்டுவிப்பாள். அம்மாவோடு மூன்று எழுத்துகள். நாலாவது அக்காவுடையதாக இருந்திருக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் அம்மா பாரிசவாதத்தில் விழுந்தார். அக்காவுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. அதே வருடம், மனைவியை இழந்த ஆஸ்பத்திரிக் கிளாக்கர் ஒருவர் தெல்லிப்பழையிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார். அக்கா கிணற்றடியில் அம்மாவின் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். இவள் போனால் அம்மாவை யார் தூக்கி இருத்துவது, என் பிள்ளைகளை யார் பார்ப்பது என்றுதான் எனக்கு மனதில் ஓடியது.

"அக்காவுக்கு விருப்பமில்லை" என்று தம்பியான நானே சொல்லி அனுப்பிவிட்டேன். அவளைக் கேட்கவேயில்லை.

அம்மா ஒன்பது ஆண்டுகள் கிடந்தார். நத்தாருக்கு நத்தார், கிறிஸ்து பிறப்புக்கு முன்னால், அக்கா பக்கத்து வீட்டில் திருநீறு வாங்கித் தண்டுகளை மினுக்குவாள்.

"வேதக்காரற்றை வெள்ளிக்கும் எங்கடை திருநீறுதான் வேணும்" என்று அந்த வீட்டுக்காரி சிரிப்பார்.

"நெத்தியிலை பூசச் சொல்லாதேங்கோ, அது போதும்" என்பாள் அக்கா.

எழுபத்தைந்தில் என் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. தண்டுகளை அச்சுவேலியில் ஒரு பத்தரிடம் கொண்டுபோனேன். நகை செய்கிறவர், எங்கள் குடும்பத்தை அறிந்தவர். கவிழ்த்துப் பார்த்தார்.

"தமக்கையாற்றை எழுத்தெல்லோ முதல் வரவேணும், மாஸ்டர்?"

"அவ கலியாணம் கட்டேல்லை. மகளின்ரையை வெட்டும்."

"அப்ப ஒரு எழுத்துக்கு இடம் விடுறன்."

"ஏன் வெறுமையாய்க் கிடக்க? பக்கத்திலையே வெட்டும்."

கலியாணத்துக்கு முதல்நாள் அக்கா அவற்றை மினுக்க எடுத்தாள். அடியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இடம் விடேல்லையோ, தம்பி?"

"பத்தர் மறந்துபோனார்."

அவள் தொடர்ந்து மினுக்கினாள். பிறகு, தலை நிமிராமலே, "தெல்லிப்பழைக் கிளாக்கர் வந்தது எனக்குத் தெரியும்" என்றாள். "நீ சொன்னதும் கிணத்தடிக்குக் கேட்டது. வந்து ஒருக்கா என்னட்டைக் கேப்பாய் எண்டு கனநாள் பாத்துக்கொண்டு இருந்தனான்."

அதற்குப் பிறகும் ஏழு ஆண்டுகள் ஒரே மேசையில் சாப்பிட்டோம். மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் வாயெடுத்தேன். ஒவ்வொரு தரமும், சொதியை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். அவளும் தள்ளிவிட்டாள். எண்பத்திரண்டில் அவளை அடக்கம் பண்ணினோம்.