ஒல்லி டிஸ்க்கும் ஒரு யாளிக் கரையும்

அந்தக் கணினி சிறியதாக இருந்ததால்தான் வாங்கினேன். என் அறையில் ஒரு பக்கம் தறிக்கான ஜக்கார்டு அட்டையில் துளை குத்தும் மெஷின், இன்னொரு பக்கம் பீரோ. நடுவில் மிஞ்சிய இடத்தில், தடித்த புத்தகத்தைப் படுக்கவைத்ததுபோல அந்தப் பெட்டி அடங்கிக்கொண்டது. பட்டுப் புடவைக் கரைகளுக்கு டிசைன் போடுவது என் தொழில். கட்டத்தாளில் பென்சிலால் புள்ளி வைத்தே பழகியவன், இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் கணினிக்கு வந்தேன்.

ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தபோதுதான் சின்னப் பெட்டியின் வினை தெரிந்தது. சாதாரண டிஸ்க் அதற்குள் போகாது. லேப்டாப்பில் போடும் சின்ன டிஸ்க்தான் போகும். அதுவும் ஒன்பதரை மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் இருந்தால் மேலே இருக்கும் சிடி டிரைவ் இடிக்கும்.

அப்போது கல்யாண சீசனுக்காகப் பெரிய ஜவுளிக்கடை ஒன்று என்னிடம் கரை கேட்டிருந்தது. புடவை கடைக்கு வரும்வரை டிசைன் வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்பது பேச்சு. பட்டால் அந்தக் கடையின் வேலை எனக்கு இனிக் கிடையாது. முக்கால்வாசி முடிந்த கரை அந்த டிஸ்க்கில் இருந்தது. சிடியில் நகல் எடுத்து வைத்திருந்தேன், தாளிலும் அச்செடுத்திருந்தேன். தொலைந்துபோகும் என்ற பயம் இல்லை. இன்னொருவர் கைக்குப் போய்விடும் என்ற பயம்தான்.

பெட்டியை விற்ற கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "பொட்டிய வுட்டுட்டுப் போங்க சார். சாயந்தரம் வந்து எடுத்துக்கோங்க" என்றார்.

இந்த ஊரில் தறிக்குப் பக்கத்தில் வேற்று டிசைன்காரன் வந்து நின்றாலே நெய்த துணியை மூடிவிடுவார்கள். பெட்டியை நான் எப்படி விட்டுவிட்டுப் போவேன்? வீட்டுக்கு வந்து, பழைய ஜக்கார்டு அட்டைகளை டிஸ்க் அளவுக்கு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பெட்டிக்குள் நுழைத்துப் பார்த்தேன். இடிக்காமல் போகும் கனம் வந்ததும் நூலால் கட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன்.

"இன்னா சார், டிஸ்க் கேட்டா அட்டைக்கட்ட எடுத்துக்கினு வந்துகிறீங்க? பொட்டிக்குள்ள இன்னா, தங்க ஜரிகையா வெச்சிருக்கீங்க?"

"அளவுக்குத்தான்பா."

அவரிடம் இருந்த டிஸ்க்கெல்லாம் என் அட்டைக்கட்டைவிடத் தடிமன். சென்னைக்குப் போய் நான்கைந்து கடைகளில் கட்டைக் காட்டினேன். ஒருவர் அவருடைய டிஸ்க்கைப் பக்கத்தில் வைத்து, "உங்க கட்டுதான் சார் அமுங்கிப்போச்சு" என்று என் தலையில் கட்டப் பார்த்தார். வெறுங்கையோடு திரும்பினேன்.

சில நாள் கழித்து நம்மூர்க் கடைக்காரரே போன் செய்தார். ஒல்லி டிஸ்க் ஒன்று புதிதாக வந்திருக்கிறதாம். போய், கவரோடு கட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சமமாக இருந்தது.

"பழசக் குடுத்துடுங்க, ரேட்ல கொறச்சிக்கலாம்."

"பழசு எங்கிட்டயே இருக்கட்டும்."

"ஓடாத டிஸ்க்க வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க, கொலுவுல வெக்கப் போறீங்களா?"

ஓடாத டிஸ்க் அவருக்கு மட்டும் எதற்கு? யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கவரைப் பிரித்ததும் ஸ்க்ரூ துளைகளைப் பார்த்தேன். ஓரங்களில் கீறல். புது டிஸ்க்கில் கீறல் எப்படி வரும்? மாட்டினேன். விண்டோஸ் போட சிடியைக் கையில் வைத்திருந்தேன், அதற்குத் தேவையே இருக்கவில்லை. திரை தானாக வந்தது. உள்ளே ஃபோல்டர்கள். ஒன்றைத் திறந்தால் ஒரு புடவைக் கரை. இன்னொன்றைத் திறந்தால் இன்னொரு கரை, மயிலும் கொடியுமாக. மயிலின் கண்ணில் புள்ளி வைக்காமல் காலியாக விடுபவர் இந்த ஊரில் ஒருவர்தான். ஊரின் மறுபாதியான பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் டிசைன்காரர். இதே கடையில் இதேபோன்ற சின்னப் பெட்டியை எனக்கு முன்பே வாங்கியவர். மூன்றாவதைத் திறக்காமல் கணினியை அணைத்தேன்.

டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"எரிஞ்சு போச்சுன்னு சொல்லித்தானே எனக்கு வேற போட்டுக் குடுத்தான்! அது எப்படி உங்கிட்ட ஓடுது?"

"அதான் அண்ணா எனக்கும் புரியல."

"அவன அப்புறம் பாத்துக்கறேன். நீ எத்தினி பாத்தே?"

"ரெண்டு. அதோட அணைச்சிட்டேன்."

"எல்லாத்தியும் பாத்தவனும் இதத்தாம்பா சொல்லுவான்."

அவர் இடத்தில் இருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். டிஸ்க்கை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "இப்ப நீ போட்டுக்கினு இருக்கற பார்டர எனக்குக் காட்டு. அதுல என் கொடி இல்லன்னு நான் கண்ணால பாக்கணும். இல்லன்னா கடைகடையா போய் உன் பேரச் சொல்லுவேன்" என்றார்.

காட்டினால் ஜவுளிக்கடைக்குக் கொடுத்த வாக்கு போகும். காட்டாவிட்டால் திருடன் என்ற பெயர் வரும், அதற்குப் பிறகு எந்தக் கடையும் வேலை தராது. நான் சைக்கிளில் முன்னால் போக, அவர் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். என் கரையைப் பார்ப்பதற்காக இவரும் கணினிக் கடைக்காரரும் சேர்ந்து ஆடும் நாடகமோ இது? என் வீடு இருக்கும் சின்னக் காஞ்சிபுரம் வரும்வரை அந்த யோசனை விடவில்லை.

அச்செடுத்த தாளைப் பீரோவிலிருந்து எடுத்தேன். "தாள நான்தான் பிடிச்சுக்குவேன்" என்றேன்.

"பிடிச்சுக்கோ. உன் தாளத் தூக்கிக்கினு ஓடவா போறேன்?"

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். யாளி வரிசைதான். கொடி எங்கும் இல்லை. அது ஒரு பார்வையிலேயே தெரிந்திருக்கும். அவரோ பார்த்துக்கொண்டே இருந்தார். மனப்பாடம் செய்கிறார் என்று தோன்றியதும் தாளைத் திருப்பிவிட்டேன்.

"போதும் அண்ணா."

"இருபா. அந்த யாளி வாலாண்ட ஜரிகை ரொம்ப நீளமா ஓடுது. நடுவுல அதத் துணியோட பிடிக்கிற புள்ளி ஒண்ண உட்டுட்டே. பொடவையக் கட்டினா வளையல்ல மாட்டி இழுக்கும்."

"பாக்கறேன்."

"என் கொடி இல்ல. அந்த மட்டும் சரி." செருப்பை மாட்டிக்கொண்டார். போய் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

உண்மையாகச் சொன்னாரா, நல்ல கரையைக் கெடுக்கச் சொன்னாரா? ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். பிறகு கதவைத் தாழிட்டு, பூதக்கண்ணாடியை வைத்து யாளியின் வாலில் கட்டங்களை எண்ணினேன். புள்ளி விட்டுத்தான் போயிருந்தது. பென்சிலைச் சீவி, விட்டுப்போன புள்ளியை வைத்தேன்.