கோயம்புத்தூர் எத்தனை மொட்டு தூரம்

தோவாளைப் பூக்காரர்களுக்குத் தூரத்தை அளக்க மைல் வேண்டாம், மொட்டுப் போதும். நாகர்கோவிலுக்குப் போகும் பிச்சிப்பூ என்றால் பருத்த மொட்டாகப் பறிப்போம். திருவனந்தபுரத்துக்கு அதைவிட இளசு. ரயிலேறிப் போவதென்றால் நெல்மணி போன்ற பொடி மொட்டு. போய்ச் சேரும் நேரத்துக்கு விரிய வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்தக் கணக்கு தப்பியதே இல்லை, தங்கையின் கல்யாணம் வரை.

மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பக்கத்துக்காரர்கள்தான்; மில் வேலைக்காகக் கோயம்புத்தூரில் குடியேறியவர்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் கல்யாணத்தை அங்கேயே கிறிஸ்தவச் சபைக் கோயிலில், மாலை நாலு மணிக்கு வைத்தார்கள். தங்கை ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணா, நீ கெட்டுன மாலையத்தான் போடுவேன். வேற மாலைக்குக் கழுத்த நீட்ட மாட்டேன்."

எங்கள் வீட்டார் முன்னதாகவே ரயிலேறினார்கள். பூ வாடிவிடும் என்று என்னை மட்டும் விமானத்தில் வரச்சொல்லி மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பினார். கூடவே ஒரு கடிதம்: "பூவுக்குத் தனியாக டிக்கெட் தரமாட்டார்களாம், அதனால் உங்களுக்கு எடுத்திருக்கிறேன். திருவனந்தபுரத்தில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம்."

நான் நம்பவில்லை. திருவனந்தபுரத்துக்குப் பஸ்ஸில் போகவே அவ்வளவு நேரம் ஆகும். பேச்சுக்குச் சொல்லியிருப்பார் என்று, ரயில் தூரத்துக்கான பொடி மொட்டையே விடியற்காலையில் பறித்து இரண்டு மாலை கட்டினேன்.

விமானத்தில் ஓலைப்பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். கொச்சியில் ஒருமுறை நின்று கிளம்பியது. மறுபடி நின்றபோது, இதுவும் வழியில் ஏதோ ஊர் என்று உட்கார்ந்தே இருந்தேன். கேட்கக் கூச்சம். எல்லோரும் இறங்கிப்போன பிறகு, ஒருவர் வந்து இதுதான் கோயம்புத்தூர் என்றார்.

கல்யாண வீட்டில் பெட்டியைத் திறந்ததும் மாப்பிள்ளையின் அத்தை எட்டிப் பார்த்தார்.

"தோவாளைக்காரரே, பூ கொண்டு வந்தியளா, பச்சரிசி கொண்டு வந்தியளா?"

எல்லோரும் சிரித்தார்கள். கடைத்தெருவில் வேறு மாலை வாங்க ஆளனுப்பப் போனார் அத்தை.

"வேண்டாம் அத்தை, அண்ணன் கெட்டுனது விரியும்" என்றாள் தங்கை. பிறகு என் காதோரம், "விரியும்லா அண்ணா?"

"விரியும் மக்கா. எப்பம்னுதான் தெரியல்ல."

வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து மாலைகளை மூடிவைத்தேன். நாலு மணிக்கும் மொட்டு மொட்டாகவே இருந்தது. அப்படியேதான் இருவரும் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள்.

பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம்; அவர் பிரசங்கத்தை நீட்டினால் இருமிக் காட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அன்று நான், "ஆண்டவரே, நீட்டட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். ஐயர் ஆதாமில் ஆரம்பித்தார். நோவாவின் பேழை மிதந்துகொண்டிருந்தபோது இலேசாக மணம் வந்தது. தங்கையின் தோளில் ஒரு மொட்டு வாய் திறந்திருந்தது. அப்புறம் பக்கத்தில் இரண்டு. ஆபிரகாம் வருவதற்குள் மாப்பிள்ளையின் மாலையும் வெளுக்கத் தொடங்கியது. இயேசு போன கானா ஊர்க் கல்யாணத்துக்கு ஐயர் வந்து சேர்ந்தபோது கோயில் முழுக்கப் பிச்சிப்பூ மணம். பெண்கள் பக்கமிருந்து அத்தை திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தங்கை குனிந்து மாலையை முகர்ந்தாள்.

ஐயர் அடுத்த அதிகாரத்தைப் புரட்டினார். எனக்கு இனி எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாழ்நாளில் முதன்முதலாக, அத்தனை பேருக்கு நடுவில் நானே முதல் ஆளாக இருமினேன்.